கொந்தரப்பு முதலாளிக்கு ஒரு கையேடு: நாவலப்பிட்டிப் பதிப்பு

மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் தலைவராவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க இப்போதெல்லாம் கொழும்பிலிருந்து கோட் போட்டவர்கள் கண்டிக்கு வருகிறார்கள். ஹோட்டல் மண்டபம், காலையில் தேநீர், பகல் சாப்பாடு, நடுவில் திரையில் சில படங்கள். கட்டுமானத் தொழில் பற்றிய படமென்றால் மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒருவர் கைகட்டி நின்று தூரத்தைப் பார்ப்பார். பின்னால் பாதி எழும்பிய கட்டிடம், அதற்கும் பின்னால் நீல வானம். நாவலப்பிட்டியில் நாலு வீடு கட்டியவருக்கு அந்தப் படத்திலுள்ள பொய் உடனே தெரிந்துவிடும். இங்கே வானம் அந்த நிறத்தில் அதிக நாள் இருப்பதில்லை. தூரத்தைப் பார்க்கவும் வழியில்லை, எதிரே மலை.

ஆகவே ஊருக்கேற்ற கையேடு ஒன்று வேண்டியிருக்கிறது. கம்பளை வீதியிலோ தொலஸ்பாகை வீதியிலோ வீடு, கடை, மதில் என்று கொந்தரப்பு எடுத்துச் செய்கிறவர்களுக்காகவும், இனி எடுக்கலாமென்று யோசிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தொடங்குவதற்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். இரண்டு போன், ஒரு பேக்கோக்காரரின் நம்பர், உங்களைவிட வேலை தெரிந்த ஒரு மேசன் பாஸ். மட்டம் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஆளை மட்டந்தட்டத் தெரிந்தால் போதும்.

கையேட்டின் சாரம் சிறியது. மாற்றம் என்று எது வந்தாலும் அதை உங்கள் கையில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கீழே நிற்கிறவரிடம் உடனே கொடுத்துவிடுங்கள். விலை ஏறினால் வீட்டுக்காரரிடம், மழை பெய்தால் கூலியாளிடம், மலை இறங்கினால் பின்னாளில் குடிவருகிறவரிடம். இதற்குமேல் வருவதெல்லாம் விளக்கம்.

முன்னோர் காட்டிய வழி

இந்த வித்தை நம்முடைய கண்டுபிடிப்பு அல்ல. நாவலப்பிட்டி நகரமே இப்படி வளர்ந்ததுதான். பேராதனைப் பக்கமிருந்து ரயில் 1874இல் இங்கே வந்து நின்றது. மேலே ஏற்றம் கடினம், நானுஓயாவை எட்ட 1885 ஆனது. இடையில் பத்து வருடத்துக்குக் கிட்ட, மலையிலிருந்து மாட்டு வண்டியில் இறங்கிய மூட்டைகளெல்லாம் இந்த ஸ்டேசனில்தான் ரயிலேறின. பாதை போட்டது கோப்பிக்காக. ஆனால் 1869இலேயே கோப்பி இலையில் துரு நோய் கண்டிருந்தது. ரயில் வந்து மூச்சு வாங்கி முடிவதற்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்துபோயின.

துரைமார் கலங்கவில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டுப் பார்த்திருந்த தேயிலைக்கு மாறினார்கள். கோட் போட்டவர்கள் இதைக் கேட்டால் உடனே படமாக்கித் திரையில் போடுவார்கள்; நெருக்கடியில் திசை மாறத் தெரிந்த தலைமைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? திரையில் வராத பாதி இது: கோப்பிக்கு ஆள் வேண்டியது முக்கியமாகப் பழம் பறிக்கும் பருவத்துக்கு. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்து, பறித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போக முடிந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். துரைமார் பயிரை மாற்றினார்கள். அதற்காகக் கூலியாட்கள் ஊரை மாற்றினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் குடும்பத்தோடு தங்கினார்கள். அந்தக் காம்பராக்களில் பல இன்றைக்கும் நிற்கின்றன. உள்ளே ஆட்களும் இருக்கிறார்கள்.

துரைக்கும் ஆளுக்கும் நடுவில் நின்றவர் பெரிய கங்காணி. காலைப் பிரட்டுக்கு எத்தனை தலை வந்ததோ அத்தனைக்கும் கணக்குப் பார்த்து அவருக்குப் பென்ஸ் காசு கிடைத்தது. மண்வெட்டியைத் தொட்ட கூலி அல்ல அது, மண்வெட்டியைத் தொட்டவர்களை எண்ணிய கூலி. நம் தொழிலின் மூலபுருஷர் அவர்தான். அவருடைய படமொன்றை உங்கள் ஆபீசில் மாட்டி வைக்கலாம், ஆபீஸ் இருந்தால்.

விலையும் சோக முகமும்

2021 தொடக்கத்தில் 50 கிலோ சீமெந்து மூட்டை ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாயை அதன் போக்கில் விட்டார்கள். இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே இருந்த டொலர் இரண்டு மாதத்தில் முந்நூற்று அறுபதுக்கு ஏறியது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று அரசாங்கம் கைவிரித்தது. அந்த வருடம் பாதி தாண்டும்போது சீமெந்து மூவாயிரத்தைத் தொட்டிருந்தது. கம்பி அதன் பின்னாலேயே ஓடியது. டைலுக்கும் கொமட்டுக்கும் 2020 முதலே இறக்குமதிக் கட்டுப்பாடு. டிப்பர் டீசல் வரிசையில் படுத்துக் கிடந்தது. நாட்டின் கட்டுமானத்துறை அந்த ஒரு வருடத்திலேயே ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சுருங்கியது. அரசாங்க வேலை எடுத்த பெரிய கம்பனிகள் பில் காசு வராமல் தவித்தன. கேட்டுப் போராடுவதற்கு அவர்களிடம் ஒரு ஒப்பந்தப் பேப்பராவது இருந்தது.

அந்தப் பேப்பரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, தவிர்ப்பதற்காக. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, சீமெந்து, கம்பி, மணல், எரிபொருள், ஆட்கூலி என்று ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் விலைச் சுட்டெண் வெளியிடுகிறது. கூடவே ஒரு விலை ஏற்ற இறக்கச் சூத்திரமும் இருக்கிறது, 0.966 என்ற எண்ணோடு தொடங்கும். வேலையில் எந்தப் பொருள் எத்தனை வீதம் என்று முதலிலேயே எழுதிவிடுவார்கள். விலை கேட்ட நாளின் சுட்டெண்ணையும் வேலை நடக்கும் மாதத்தின் சுட்டெண்ணையும் ஒப்பிட்டு, பில்லை அந்த அளவுக்கு ஏற்றுவார்கள். சண்டையில்லை, அழுகையில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சூத்திரத்தில் ஒரு பெரிய குறை உண்டு. விலை இறங்கினால் பில்லும் இறங்கும். ஆகவே நாம் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாயால் பேசி, கொப்பியின் கடைசித் தாளில் குறித்து, "நமக்குள்ள என்ன எழுத்து வேண்டிக் கிடக்கு" என்று சொல்லி அட்வான்சை வாங்கிக்கொள்கிறோம். மூட்டைக்கு நூறு ரூபாய் ஏறிய அன்று மாலையே வீட்டுக்காரர் வாசலில் நிற்க வேண்டும். முகம் மரண வீட்டுக்குப் போய் வந்தது மாதிரி இருக்க வேண்டும். இறங்கும்போது போக வேண்டியதில்லை, விலை இறங்கிய செய்தி பேப்பரில் சின்னதாகத்தான் வரும்.

உங்கள் வாடிக்கையாளர் ஓய்வு பெற்ற டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படித்தான் போகும்:

"நான் என்ன டீச்சர் செய்ய? கடக்காரன் பில்ல நீங்களே பாருங்க."

"போன மாசமே எறக்கி வச்ச மூட்டைக்கும் இந்த மாச வெலயா தம்பி?"

இந்தக் கேள்விக்குத் தலைவர் பதில் சொல்லக்கூடாது. அந்த நேரம் பார்த்து ஒரு போன் வர வேண்டும். இரண்டாவது போன் எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

டீச்சர் மேலும் காசு தரமாட்டேன் என்று உறுதியாக நின்றால், கலவையில் ஈடுகொடுக்கலாம். பூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து என்று பேசியதை ஒன்றுக்கு எட்டாக்குங்கள். பெயின்ட் அடித்த பிறகு எல்லாச் சுவரும் ஒரே நிறம்தான். இரண்டு வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது சுவர் பொலபொலவென்று கொட்டினால், ஆணி சரியில்லை.

பெரிய இடத்திலும் காலதாமதம் விலையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டுமா? 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு என்பது அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். முதல் 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியது 2024 பெப்ரவரியில். நடுவில் போன ஏழு வருடத்தில் ஒரு வீட்டுக்கான தொகையையே மாற்றி எழுதவேண்டி வந்தது. லயத்தில் காத்திருந்தவர்களுடைய ஏழு வருடத்துக்கு மட்டும் சூத்திரம் எதுவும் கிடையாது.

ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் முறை

2022இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கென்று நாட்டைவிட்டுப் போனார்கள். மேசன், கம்பி கட்டுகிறவர், டைல் பதிக்கிறவர், வயரிங் பார்க்கிறவர் எல்லாரும் அதில் உண்டு. கட்டார், துபாய், ருமேனியா வரைக்கும் நம் பையன்கள் இருக்கிறார்கள். இதைத் தலைவராக நீங்கள் எதிர்கொள்ளும் விதம், தேநீர்க் கடையில் உட்கார்ந்து இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளைவதில்லை என்று சத்தமாகச் சொல்வது. அதே பிள்ளைகள் பாலைவன வெயிலில் பதினொரு மணித்தியாலம் உடம்பை வளைத்து வேலை செய்வதைப் பற்றி யாராவது கேட்டால், பேச்சை அரசியலுக்குத் திருப்புங்கள்.

ஏன் போனார்கள் என்று கேட்பது ஆபத்தான பழக்கம். கேட்டால் ஊழியர் சேமலாப நிதி வரை போகும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பளத்தில் ஊழியரிடம் 8 வீதம் பிடித்து, நீங்கள் 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3. இதற்கு வைத்தியம் சுலபம். பாஸை ஊழியர் என்று எப்போதும் சொல்லாதீர்கள். அவர் 'சப்'. அவர் கூட்டிவரும் கையாட்கள் அவருடைய ஆட்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று இருப்பது உங்களுக்கும் தெரிய வேண்டாம், அவருக்கும் தெரிய வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு கிலோ அப்பிளும் கொஞ்சம் திராட்சையும் கொண்டு போங்கள். நட்டஈட்டைவிட மலிவு; பார்த்தவர்களும் முதலாளி தங்கமான மனுசன் என்பார்கள்.

பாஸிடமிருந்து கற்றுக்கொள்ளவும் இடமுண்டு. டைல் கிடைக்காமலும், கிடைத்தாலும் தொட முடியாமலும் இருந்த வருடங்களில் நம்மில் பலர் வேலையை நிறுத்திவிட்டுப் படுத்திருந்தோம். பழைய பாஸ்மாருக்கு மறந்துபோயிருந்த சிவப்புச் சீமெந்துத் தரை ஞாபகத்துக்கு வந்தது. சாயத்தூளைச் சலித்துக் கலந்து, பதம் பார்த்து, கரண்டியால் மணிக்கணக்காகத் தேய்த்து இழைக்க வேண்டும். முட்டிக்காலில் நின்று செய்கிற வேலை. குளிர்ச்சியான தரை, காலைப் பிடிக்காது, ஒழுங்காகப் போட்டால் பேரன் காலம்வரை கிடக்கும். வீட்டுக்காரர்கள் விரும்பிக் கேட்கத் தொடங்கியதும் தலைவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லாரிடமும் அது உங்கள் யோசனை என்று சொல்லுங்கள்.

மழையில் சம்பாதித்தல்

நமக்கு மேலே வட்டவளை. இலங்கையில் அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. மே பிறந்தால் தென்மேல் பருவக்காற்று, அது முடியும் கையோடு ஒக்டோபர், நவம்பர் மாத மாலை மழை. நம்பி வேலை செய்யத் தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதம் தேறும். இது பாட்டன் காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரிந்த விசயம் என்றாலும், ஒவ்வொரு வருடமும் மழை வந்தவுடன் நீங்கள் அதிர்ச்சியடைய வேண்டும். "இந்த வருசம் பாருங்க, சொல்லாமக் கொள்ளாம..." என்று தொடங்குங்கள். வைகாசியில் அத்திவாரம் வெட்டியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

மழை நாளின் சம்பளக் கணக்கு மிக நுட்பமானது. பத்து மணிக்கு மழை பிடித்தால் அரை நாள். ஒன்பதுக்குப் பிடித்தால் தேநீர். ஆள் தொலஸ்பாகைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்தது அவருடைய சொந்தப் பிரச்சினை. பருவக்காற்றின் முழு நட்டத்தையும் இப்படி நாலைந்து கையாட்கள் தலையில் பங்கு போட்டுவிட்டால் உங்களுக்கு மழை ஓர் இயற்கைக் காட்சி மட்டுமே.

மணலில் இன்னும் லாபம் உண்டு. லேசாக ஈரம் பட்ட மணல் ஊதும். மணல் மணிகளில் தண்ணீர்ப் படலம் ஒட்டி அவை விலகி நிற்பதால் காய்ந்த மணலைவிட நாலிலொரு பங்கு வரை அதிக இடம் பிடிக்கும். கியூப் கணக்கில் மணல் வாங்கும் வீட்டுக்காரர் அந்த நாலிலொரு பங்கு காற்றுக்கும் காசு கொடுக்கிறார். அதே ஈர மணலைத் தாச்சியால் அளந்து கலந்தால் மணல் குறைந்து சீமெந்து கூடிப்போகும், அந்த நட்டம் உங்களுக்கு வேண்டாம். ஆகவே விற்கும்போது அளவால் பேசுங்கள், கலக்கும்போது கண்ணால் பேசுங்கள். நல்ல பாஸ் ஒரு பிடி மணலைக் கையில் கசக்கிப் பார்த்தே ஈரம் எவ்வளவு, களி எவ்வளவு என்று சொல்வார், கலவைத் தண்ணீரை அதற்கேற்பக் குறைப்பார். கொங்கிரீட் தட்டு ஊற்றும் நாளில் அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

தட்டை ஊற்றுகிற நாளைச் சோதிடர் குறித்துக் கொடுத்திருப்பார். வானிலைத் திணைக்களம் வேறு நாள் சொல்லும். தலைவர் இருவரையும் மதித்து, சுபநேரத்தில் தொடங்கி மழையில் முடிப்பார். புதுக் கொங்கிரீட்டின் மேல் கொட்டிய மழை சீமெந்துப் பாலைக் கழுவிக்கொண்டு போனாலும், பிறகு ஏழு நாள் தண்ணீர் ஊற்றி நனைக்கிற செலவு மிச்சம்.

கூரையைப் பற்றிச் சுருக்கமாக

அஸ்பெஸ்டஸ் சீட்டைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் கவலைப்படாதீர்கள். அதன் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2018 தொடக்கத்திலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலைப் பொதியில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லித் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் விற்கிற நாடு. சில நாளில் இங்கே கட்டுப்பாடு தள்ளிப்போனது, அங்கே தேயிலைக்குக் கதவு திறந்தது. ஒரு நாடே இப்படி வளைந்து கொடுக்கும்போது நீங்கள் மட்டும் சீட் வெட்டும் பையனுக்கு முகமூடி வாங்கிக் கொடுத்துத் தனித்துத் தெரிய வேண்டாம். அவனிடம் துவாய்த் துண்டு இருக்கும்.

மலையை வெட்டும் கலை

இனி வருவதுதான் இந்தக் கையேட்டின் உயிர். சமநிலம் இந்த ஊரில் ஆற்றோரத்தில் இருக்கிறது, அது ரயிலுக்கும் கடைக்கும் போய்விட்டது. மகாவலி பொங்கினால் அதுவும் ஆற்றுக்குப் போய்விடும். மிச்சமிருப்பது சரிவு. பத்து பேர்ச்சஸ், கீழே ஆறு தெரிகிற காட்சி, லோன் வசதியும் உண்டு.

பேக்கோவுக்கு மணித்தியாலக் கணக்கில் கூலி. ஆகவே ஒரே நாளில், ஒரே வெட்டாக, சுவர் மாதிரி நேராக வெட்டச் சொல்லுங்கள். நம் சிவப்பு மண் காய்ந்திருக்கும்போது எதையும் தாங்குகிறவன் மாதிரி விறைப்பாக நிற்கும், அதுதான் அதன் ஏமாற்று. சரிவின் அடிவாரம் மேலே உள்ளதையெல்லாம் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் வெட்டி எடுப்பது அந்த முட்டுத்தான். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது? முன்பக்கத்தில் கொட்டி, மேலே பேக்கோவை இரண்டு தரம் ஓட்டினால் முற்றம் தயார். வீட்டின் பின்பாதி வெட்டிய தரையில், முன்பாதி கொட்டிய மண்ணில். முதலாவது பெருமழைக்கு முன்பாதி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு ஓடும். அதைப் பூச்சு வெடிப்பு என்று சொல்லி, புட்டி அப்புங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒன்று 1984 முதல் இருக்கிறது. மண்சரிவு அபாய வரைபடம் போடுவதும், கண்டி மாதிரியான மாவட்டங்களில் அபாயப் பகுதியில் கட்டுவதற்கு முன் இடத்தைப் பார்த்துப் பரிந்துரை கொடுப்பதும் அவர்கள் வேலை. எப்படி வெட்ட வேண்டும், எவ்வளவு உயரம், எத்தனை படி, தண்ணீரை எங்கே திருப்ப வேண்டும் என்றெல்லாம் எழுதித் தருவார்கள். தலைவர் இதற்கு விரோதி அல்ல. அந்தக் கடிதம் மிக அவசியம். பிளான் பாஸ் பண்ண அது வேண்டும். பாஸ் ஆனவுடன் கடிதத்தைக் கண்ணாடிப் பையில் போட்டுப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள், நனையக் கூடாது. ஒரு தட்டுக்கு அனுமதி வாங்கி, கொலம் கம்பிகளை மேலே நீட்டி விடுங்கள். பிள்ளைகள் காலத்தில் இன்னும் இரண்டு தட்டு ஏறும், மலைக்கு அதெல்லாம் யார் போய்ச் சொல்வது?

பின்னால் எழுப்புகிற மதிலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கருங்கல் மதில், பார்க்க யானை மாதிரி இருக்கும். அதைத் தள்ளுவது மண் அல்ல, பெரும்பாலும் தண்ணீர். மழையில் ஊறிய மண்ணுக்குள் நீர் நிற்க நிற்க அதன் பாரம் முழுதும் மதிலின் முதுகில் ஏறும். ஆகவே மதிலுக்குப் பின்னால் சல்லி போட்டு, ஊடாக பைப் துண்டுகளைச் சாய்வாக வைத்துத் தண்ணீரை வெளியே விட வேண்டும், மேலே வெட்டின் தலைப்பில் ஒரு கான் எடுத்து வருகிற நீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். பைப் துண்டு மொத்தச் செலவில் ஒரு தூசு. இருந்தாலும் அதை விட்டுவிடுவதே மரபு. பைப் வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் வடிந்தால் பெயின்ட் அழுக்காகும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரும் சம்மதிப்பார்.

உங்கள் பாஸ் எதிர்ப்புச் சொல்லக்கூடும். அவருடைய தகப்பன் தோட்டத்தில் கான் வெட்டியவராக இருப்பார். தேயிலை மலையைக் குறுக்காகப் பாருங்கள், சரிவைச் சுற்றி மெல்லிய சாய்வில் கான்கள் ஓடும், இடையிடையே கல்லணை. வெள்ளைக்காரன் கணக்குப் போட்டான், நம் பாட்டன்மார் மண்வெட்டி பிடித்தார்கள். வருடா வருடம் கான் தூர் வாருவது தோட்டத்தில் ஒரு தனி வேலையாகவே இருந்தது. தோட்டம் காடானதும், காணி துண்டானதும் முதலில் தூர்ந்தது அந்தக் கான். தண்ணீர் எந்த வழியாக வரும் என்று தெரிந்தவர்கள் இந்த மலையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள்தான் உங்களிடம் நாள் சம்பளத்துக்குக் கல் தூக்குகிறார்கள்.

"மொதலாளி, மேல ஒரு கான் எடுத்து தண்ணிய அந்தப் பக்கம் திருப்பினாத்தான் இந்த மதிலு நிக்கும்."

"எஸ்டிமேட்ல கான் இல்ல பாஸ்."

"மழைக்கி எஸ்டிமேட்டு தெரியாதுங்களே."

இப்படிப் பேசுகிற பாஸை வைத்துக்கொண்டு தலைமை தாங்க முடியாது. அடுத்த சைட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாவட்டங்களில் கண்டியில்தான் அதிகம். மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் மண்ணுக்குள் போனது, மகாவலி கம்பளைக்குள் புகுந்தது. அன்று விழுந்த மலைகள் எல்லாம் கொந்தரப்புக்காரர் வெட்டியவை அல்ல. மனிதக் கையே படாத காட்டுச் சரிவுகளும் அந்த மழைக்குத் தாங்காமல் இறங்கின. நமக்கு அதைவிட வசதியான உண்மை வேறில்லை. இயற்கை அனர்த்தம் என்ற அந்தப் பெரிய போர்வைக்குள், பைப் துண்டு வைக்காத மதில்களையும் சேர்த்துப் போர்த்திவிடலாம். மண்ணை அள்ளிய பிறகு எது எதனால் விழுந்தது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

புயலுக்குப் பிறகு வேலைக்கும் பஞ்சமில்லை. அதே பேக்கோ, அதே டிப்பர். விழுந்த மண்ணை அள்ளக் கூலி, புது மதிலுக்குக் கூலி, இம்முறை பைப் வைப்பதற்கு மேலதிகக் கூலி. கோட் போட்டவர்கள் நெருக்கடியை வாய்ப்பாக மாற்றுங்கள் என்பது இதைத்தான்.

இந்தக் கையேடு முதலாளிமாருக்கு உரியது. ஆனால் புத்தகம் கைமாறும், வீட்டுக்காரர் யாராவது படித்தாலும் படிப்பார். படிக்கிறவருக்கு: விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மதில் எழும்புகிறபோதே பின்னால் போய் நின்று பைப்புகளை எண்ணுங்கள், பூசிய பிறகு எண்ண முடியாது. கான் பற்றி முதலாளியிடம் கேட்காதீர்கள், பாஸிடம் கேளுங்கள். அவர் சொல்கிற கானுக்குக் காசு கொடுங்கள். இருபத்துநாலு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மண்சரிவுக்கு முதல் எச்சரிக்கை, 100 என்றால் இரண்டாவது, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.